பெல்ட் தடம்

டைலர்: ரெண்டு பேர் பத்தாதுண்ணே. திருப்பும்போது முதுகைத் தாங்க இன்னொரு ஆள் வேணும். உங்க மாமா மகன் வெளியதான் நிக்கிறாரு, கூப்பிடட்டுமா?

அண்ணன்: வேணாம். நாம ரெண்டு பேர் போதும்.

டைலர்: இல்லண்ணே, உங்க தம்பி நல்ல கனம்...

அண்ணன்: என் தம்பியை நான் தாங்கிக்கறேன். நீங்க தாப்பாளைப் போடுங்க, டைலரே.

டைலர்: செத்தவங்களை, மையத்தைக் குளிப்பாட்டுற ரூமுக்கு யாரும் தாப்பாள் போடறதில்ல... சரி, சரி. முறைக்காதீங்க. போட்டாச்சு. கையைக் கழுவிட்டு வந்து தண்ணியைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா?

அண்ணன்: லேசா இருக்கு.

டைலர்: அது போதும். அவனுக்கு வலிக்கும்னு நினைச்சுத்தான் ஊத்தணும். இடுப்புலேர்ந்து முட்டி வரைக்கும் இந்தத் துணி விலகவே கூடாது. துணிக்குள்ள நான் கை விட்டுக் கழுவிக்கறேன். நீங்க மேல ஊத்துங்க, போதும்.

அண்ணன்: எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல.

டைலர்: தெரியும். உங்க வாப்பாவை நான்தான் குளிப்பாட்டினேன். அன்னைக்கு இவன்தான் தண்ணி ஊத்தினான்.

அண்ணன்: அன்னைக்கு தளம் போட்டுட்டிருந்தோம். பாதியில விட்டுட்டு வர முடியல.

டைலர்: நான் ஒண்ணும் கேக்கலையேண்ணே. ஊத்துங்க... ஐயோ, இது யார் போட்ட தையல்? நெஞ்சுலேர்ந்து அடிவயிறு வரைக்கும்!

அண்ணன்: ஆஸ்பத்திரியில. போஸ்ட்மார்ட்டம்.

டைலர்: சாக்கு தைக்கற மாதிரி தைச்சிருக்கானே... எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவர் இதைப் பார்த்தா அந்தக் கையை ஒடிச்சிருப்பாரு. இவன் என் கடைக்கு வந்தா அரை இஞ்சு கூடுதல்னு மூணு தடவை பிரிக்கச் சொல்லுவான். "நீர் மனுஷனுக்குத் தைக்கிறீரா, தூணுக்குத் தைக்கிறீரா"ன்னு கேப்பான். இப்ப பாருங்க, வாயைத் திறக்காம படுத்திருக்கான்.

அண்ணன்: டைலரே... வேலையைப் பாருங்க.

டைலர்: பாக்கறேன். முதல்ல உளூ, தொழுகைக்கு முன்னாடி கழுவற மாதிரி. வாய், மூக்கு, முகம்... மெதுவா. இப்ப வலது கை. இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க... இது என்னண்ணே?

அண்ணன்: எது?

டைலர்: அக்குள்லேர்ந்து தோளுக்கு, பட்டையா நீலம்.

அண்ணன்: விழுந்த அடி.

டைலர்: விழுந்த அடி இப்படி நேரா இருக்குமா? ரெண்டு விரல் அகலம். ஸ்கேல் வச்சு சாக்பீஸ்ல கோடு போட்ட மாதிரி...

அண்ணன்: குளிப்பாட்ட வந்தீங்களா, ஆராய்ச்சி பண்ண வந்தீங்களா?

டைலர்: கோவிச்சுக்காதீங்க. ஊத்துங்க. ... சேஃப்டி பெல்ட் போடாம ஏறினான்னு வெளிய பேசிக்கறாங்க.

அண்ணன்: ஆமா. நாலாவது மாடி சாரம். பெல்ட்டை மாட்டிட்டு ஏறுடான்னு கத்தினேன். "அல்லாஹ் பாத்துப்பான்"னுட்டு ஏறிட்டான். ஆபீஸ்லயும் அதைத்தான் எழுதிக் குடுத்தேன்.

டைலர்: அப்படியா சொன்னான்?

அண்ணன்: அதே வார்த்தை. என்ன, கை நின்னுடுச்சு?

டைலர்: ஒண்ணுமில்ல. தண்ணி ஆறிப்போச்சு. அந்த வாளியிலேர்ந்து கலந்து ஊத்துங்க.

அண்ணன்: உங்களுக்குத் தெரியாதா அவனை? எதுக்கெடுத்தாலும் அல்லாஹ் எழுதினதுன்னுதான் பேசுவான். போன வருஷம் ஃபோர்மேன் வேலையை முதல்ல அவனுக்குத்தான் குடுத்தாங்க. "எனக்குன்னு எழுதினது என்னைத் தேடி வரும், நீங்க எடுத்துக்குங்க"ன்னு என்கிட்ட தள்ளிவிட்டான். பிழைக்கத் தெரியாத பய.

டைலர்: அது மட்டும்தான் சொன்னானா?

அண்ணன்: வேற என்ன?

டைலர்: சாமான் சரியா இருக்குன்னு தினமும் கையெழுத்துப் போடணும், சரியில்லாததுக்குப் போட்டுட்டு நாளைக்கு அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்றதுன்னு கேட்டானாமே. கடையில உக்காந்து என்கிட்ட சொன்னான்.

அண்ணன்: உங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டியிருக்கான்.

டைலர்: சைக்கிளைப் பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பாண்ணே. அதுக்கப்புறம்தான் பள்ளிவாசலுக்குள்ள வருவான். நான்கூட கிண்டல் பண்ணுவேன், "அல்லாஹ் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு. "பூட்ட வேண்டியது என் வேலை, காக்க வேண்டியது அவன் வேலை"ம்பான். அவன் போயி பெல்ட் இல்லாம...

அண்ணன்: சாவு வந்தா புத்தி மாறிடும்.

டைலர்: இருங்க. கொஞ்சம் ஊத்தாம இருங்க.

அண்ணன்: ஏன்?

டைலர்: துணிக்குள்ள கழுவறேன். கையில தட்டுப்படுது. தொடையைச் சுத்தி வளையமா தோல் வழண்டிருக்கு. இந்தத் தொடை... அந்தத் தொடையிலயும். அண்ணே, முப்பது வருஷமா துணி பிடிச்ச கை இது. பட்டை எது, அடி எதுன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லும். தோள்லயும் தொடையிலயும் மாட்டற அந்த பெல்ட்டை இவன் போட்டிருந்தான்.

அண்ணன்: மெதுவா பேசுங்க.

டைலர்: போட்டிருந்தான். மாட்டியும் இருந்தான். விழும்போது ஒரு இழு இழுத்திருக்கு. அந்த ஒரு நொடி தாங்கியிருக்கு. இல்லாட்டி இந்தத் தடம் எப்படி விழும்?

அண்ணன்: டைலரே, மையத்தைக் குளிப்பாட்டுறவன் பார்த்ததை வெளிய சொல்லக் கூடாது. மூடணும். நீங்களே எத்தனை பேருக்கு சொல்லியிருக்கீங்க!

டைலர்: மையத்தோட குறையை மூடணும்ணே. ஒரு அசிங்கம், ஒரு தழும்பு, முகம் கறுத்துப்போனது... அதை மூடணும். இது அவன் குறையா? இதை மறைக்கத்தான் ஆளே வேணாம்னீங்களா? அதுக்குத்தான் தாப்பாளா?

இமாம்: என்னப்பா உள்ள, ஆச்சா? மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் ஜனாஸா தொழுகை. ஜனம் சேர்ந்திருச்சு.

டைலர்: இதோ ஹஜ்ரத். இடது பக்கமும், கஃபன் துணி சுத்தறதும் பாக்கி.

இமாம்: குடும்பத்துலேர்ந்து யாராவது தொழுகைக்கு முன்னாடி நின்னு ரெண்டு வார்த்தை சொல்லணும். இவர் யாருக்காவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சுக்குங்கன்னு.

அண்ணன்: நான் சொல்லிக்கறேன், ஹஜ்ரத்.

இமாம்: சீக்கிரம் பாருங்க.

டைலர்: ... எப்படிண்ணே சொல்லுவீங்க? இவனை மன்னிக்கச் சொல்லியா?

அண்ணன்: என்ன பண்ணச் சொல்றீங்க என்னை? ஆங்? பதினாலு பேர். நல்ல பெல்ட் பதிமூணுதான். புதுசு கேட்டா ரெண்டு நாள் வேலை நிக்கும். நின்னா வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது. முடிச்சாத்தான் எனக்கு மேனேஜர் வேலைன்னு சொல்லியிருந்தாங்க. பதினெட்டு வருஷம் சிமெண்ட் தின்னிருக்கேன், டைலரே! ஒரே ஒரு நாள் ஏறி இறங்கிட்டா முடிஞ்சுது. வேற எவனையாவது ஏத்தினா சந்தேகப்பட்டுக் கேள்வி கேப்பான். இவன் கேக்க மாட்டான். அண்ணன் சொல்றேன்ல...

டைலர்: கிழிஞ்ச பெல்ட்டை உங்க தம்பிக்குக் குடுத்தீங்க.

அண்ணன்: கிழிஞ்சதைக் குடுக்கல! கொக்கி பக்கத்துல பட்டையில தையல் விட்டிருந்துச்சு. எங்கயாவது குடுத்து தைச்சுட்டு வாடான்னேன். தைச்சுட்டு வந்தான். காலையில தாங்குமாடான்னு நானே கேட்டேன். "தைச்சவர் அல்லாஹ் பாத்துப்பான்னு சொன்னாரு"ன்னான். சரின்னு ஏத்தினேன்.

டைலர்: தைச்சவர்... சொன்னாருன்னா சொன்னான்?

அண்ணன்: ஆமா. அதைத்தான் கொஞ்சம் மாத்தி அவனே சொன்னதா எழுதினேன். வேற என்ன எழுதறது?

டைலர்: பெல்ட் எங்க இப்ப?

அண்ணன்: ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அவுத்துட்டேன். மூச்சு இருந்துச்சு அப்ப... என் கையைப் பிடிச்சான். அவுக்கறதுக்கு உதவி பண்றான்னு நினைச்சேன். இல்ல... சும்மாதான் பிடிச்சிருக்கான்.

டைலர்: யா அல்லாஹ்...

அண்ணன்: அழாதீங்க. நீங்க அழுதா நான்... அவன் ஆயுசு அவ்வளவுதான், டைலரே. அந்த நிமிஷம் எழுதியிருந்துச்சு. பெல்ட் புதுசா இருந்தாலும் போயிருப்பான். அதை நம்பறீங்களா, இல்லையா?

டைலர்: நம்பறேன். அவன் சாவை அல்லாஹ் எழுதினான். ஆபீஸ்ல குடுத்த பேப்பரை எழுதினது நீங்க.

அண்ணன்: உண்மையைச் சொன்னா என்னை உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. என் வீடு, அவன் வீடு, ரெண்டுக்கும் யாரு பார்ப்பா? யாரு சோறு போடுவா?

டைலர்: இது வரைக்கும் நீங்கதான் போட்டீங்கன்னு நினைச்சுட்டிருக்கீங்களா? இவன் இருந்தா, சோறு போடறது அல்லாஹ்னு சொல்லிச் சிரிச்சிருப்பான். அவன் சம்சாரம் பக்கத்துல என் வீட்டுக்காரிதான் இருக்கா. இவன் செத்துப்போனதுக்குக்கூட அந்தப் பொண்ணு அழலையாம். "எங்களை ஒரு தடவை நினைச்சுப் பார்த்திருந்தா பெல்ட் போடாம ஏறியிருப்பாரா"ன்னு கேட்டுக் கேட்டு அழுவுதாம். இன்னும் கொஞ்ச நேரத்துல இந்தத் தடமெல்லாம் மண்ணுக்குள்ள போயிடும். அதுக்கப்புறம் காலம் பூரா அந்தப் பொண்ணு அப்படியே நம்பிட்டுக் கிடக்கும்.

அண்ணன்: டாக்டர் எழுதியிருப்பாரு.

டைலர்: எழுதியிருப்பாரா?

அண்ணன்: ... நாலு மாடியிலேர்ந்து விழுந்த உடம்பு. ஆயிரம் காயம். யாரு பட்டையையும் அடியையும் பிரிச்சுப் பார்க்கப் போறா?

டைலர்: அதான். இடது பக்கம் ஊத்துங்க. கடைசித் தண்ணியில கற்பூரம் போடணும். அந்தப் பொட்டலம்...

அண்ணன்: சொல்லிடாதீங்க, டைலரே. கெஞ்சிக் கேக்கறேன். உங்களுக்கு நான் ஏதாவது குறை வச்சிருக்கேனா? எங்க கம்பெனி யூனிஃபார்ம் மொத்தமும் உங்களுக்குத்தான்னு வாக்கு குடுத்திருக்கேன். மேனேஜர் ஆன மறுநாளே...

டைலர்: தெரியும். இருநூத்தம்பது ஜோடி. புதுசா ரெண்டு மெஷின் வாங்கலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்.

அண்ணன்: அப்புறம் என்ன? உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? தைச்சு வந்தப்ப பார்த்தேன், மூணு வரி தையல், கனமா, கண்ணுல ஒத்திக்கற மாதிரி இருந்துச்சு. அது விடும்னு நான் கனவா கண்டேன்?

டைலர்: நாலு வரி.

அண்ணன்: என்னது?

டைலர்: மூணு இல்லண்ணே. நாலு வரி. நடுவுல குறுக்கால ஒரு பெருக்கல் தையல்.

அண்ணன்: உங்களுக்கு எப்படி... டைலரே? எங்க போறீங்க? தாப்பாளை எடுக்காதீங்க!

டைலர்: ஆள் கூப்பிடப் போறேன். முதுகைத் திருப்பணும். நாலு பேர் வந்து பார்க்கட்டும்.

அண்ணன்: என்னைக் காட்டிக் குடுக்கப் போறீங்களா?

டைலர்: உங்க கதையை நீங்களே சொல்லுங்க, சொல்லாம போங்க. தொழுகை ஸஃப்புல, எல்லார் முன்னாடியும் நின்னு நான் என் கதையைச் சொல்லப் போறேன். அந்தப் பட்டையை அவன் என் கடைக்குத்தான் கொண்டு வந்தான். பேண்ட் தைக்கற நூல் ஆள் கனத்தைத் தாங்காதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். முடியாதுன்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வந்து ஆர்டர் போயிடுமேன்னு தைச்சேன். ரெண்டு கையாலயும் இழுத்துப் பார்த்துட்டு, "தாங்குமாய்யா, உண்மையைச் சொல்லு"ன்னு கேட்டான். தலையை நிமிராம, "அல்லாஹ் பாத்துப்பான், போ"ன்னு சொன்னது நான்தாண்ணே.