ப்ளூ மூன் பெரிய மாமா

"உங்க பெரிய மாமாதான் ப்ளூ மூன்." என் நாட்குறிப்பில் ஒரு வெள்ளிக்கிழமையின் கீழ், 'பட்டுக்கோட்டை – தஞ்சாவூர் பேருந்து, காலை' என்ற குறிப்புடன் இந்த வாக்கியம் இருக்கிறது. ஊரெங்கும் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்த சமயம்.

சொன்னவள் முன் இருக்கையில் இருந்த நர்ஸ். குவைத் வேலைக்கு அன்று தஞ்சாவூரில் நேர்முகத் தேர்வு. போன முறை, நோயாளிகள் சாதாரணமாகச் சொல்லும் ஆங்கிலத் தொடர் ஒன்று புரியாமல் தோற்றிருந்தாள். அதனால் இம்முறை ஒவ்வொரு தொடரையும் ஓர் உறவினர்மேல் ஏற்றி மனப்பாடம் செய்திருந்தாள். பக்கத்தில் கணவன் அந்தத் தொடர்கள் உள்ள புத்தகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தான்.

"ப்ளூ மூன் ஏன் பெரிய மாமா?"

"அத்தி பூத்த மாதிரிதானே நம்ம வீட்டுக்கு வர்றாங்க."

"அட் தி எலவன்த் அவர்?"

"உங்க தம்பி. நம்ம நிக்காஹ்வுக்கே கடைசி நேரத்துலதான் வந்தாரு."

"அண்டர் தி வெதர்?"

"மாமி. கேட்டா எப்பவும் உடம்பு சரியில்லம்பாங்க."

"எங்க வீட்டு ஆளுங்கதான் கெடச்சாங்களா?"

"எங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்க மச்சான். ஞாபகத்துல நிக்க மாட்டாங்க."

அவன் சிரித்துவிட்டுக் கேட்டான்: "எம்மேல ஒண்ணும் இல்லையா?"

"த்ரூ திக் அண்ட் தின். நல்லது கெட்டது எல்லாத்துலயும் கூட நிக்கிறது. போன தடவ நான் அழுதுக்கிட்டு வந்தப்ப, மறுநாளே இந்தப் புத்தகத்த வாங்கியாந்தது யாரு?"

அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

நம் பட்டுக்கோட்டைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, நோயாளி 'அண்டர் தி வெதர்' என்றால் மட்டும் சிரித்துவிடுவாளென்று குவைத்திலிருந்து வந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். அது இவள்தானா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.