படகுத்துறையின் வெள்ளைத் தகடு

தொடர்வண்டி தாமதமாக வருவதைப் பற்றி நான் ஒருபோதும் குறை கூறியதில்லை. இலையுதிர்காலத்தில் ஈரச் சருகுகள் தண்டவாளத்தில் ஒட்டிக்கொள்ளும், சக்கரங்கள் வழுக்கும், வண்டி பிந்தும். ஸ்டாக்ஹோமின் தென்புறநகரில் வாழும் எவரும் இதனை அறிவர். நடைமேடையில் ஒருவருக்கொருவர் போதிய இடைவெளி விட்டு நின்று, அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருப்போம். எவரும் எவரிடமும் பேசமாட்டோம். அவ்வாறு நிற்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது.

காப்பிக்கு நன்றி. இந்தக் காவல்துறை விசாரணையில் நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: ஸ்கார்வ்ஹோல்ம் தீவின் கிழக்குப் படகுத்துறையில் வெள்ளைத் தகட்டை இறக்கியவர் யார்? விடை கூறுவேன். ஆயினும், எந்த நீர்க்கசிவையும் அது தொடங்கிய இடத்திலிருந்தே ஆராய வேண்டும் என்பது நான் என் பணியில் கற்ற பாடம்.

நான் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், நீர்க்கசிவு இழப்பீட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். குழாய் திடீரென வெடித்தால் அது விபத்து. நாங்கள் ஈடு தருவோம். குளியலறைச் சுவருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் துளித்துளியாகக் கசிந்து உத்தரம் உளுத்துப்போனால் அது விபத்தன்று, கவனக்குறைவு, ஈடு கிடையாது. ஒரு துளி நீர் உத்தரத்தை வீழ்த்தும் என்பதை வீட்டுக்காரர்கள் நம்புவதில்லை. தொலைபேசியில் அழுவார்கள். நாள் முழுவதும் அவ்வழுகையைக் கேட்பவனுக்கு, காலையிலும் மாலையிலும் வண்டியின் சன்னலோரத்தில் கிடைக்கும் அமைதி, பிறர்க்கு உணவு எப்படியோ அப்படி.

ஸ்டெல்லான் கோத்தன்பர்க் கிளையிலிருந்து மாற்றலாகி எங்கள் பிரிவுக்கு வந்தார். மனைவி இங்கெலா இறந்தபின் அந்த ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை என்றார். என் குடியிருப்புக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்துக்கொண்டார். முதல் நாள் காலை வண்டியில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. அவர் என்னருகே வந்து அமர்ந்தார்.

"என்னப்பா ஹோல்கர், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ராத்திரி உன் வீட்டுக் குளியலறையே இடிஞ்சு விழுந்துடுச்சா?"

அவர் தீய மனிதர் அல்லர். இதனை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டுமென விரும்புகிறேன். என் பிறந்தநாளை நினைவில் வைத்திருந்த ஒரே மனிதர் அவர். ஆனால் அவர் பேசினார். வண்டி ஏறும்போது தொடங்கி, அலுவலகப் படிக்கட்டு வரை பேசினார். இங்கெலா உருளைக்கிழங்கு வேகவைத்த விதம், மேல்வீட்டுக்காரரின் நாய், அன்று காலை பல் துலக்கும்போது தோன்றிய எண்ணம். வீட்டில் பேச எவரும் இல்லாமையால் எல்லாவற்றையும் காலைவரை சேர்த்துவைப்பதாக ஒருமுறை அவரே சொன்னார். நான் தலையசைத்தேன்.

முந்தைய வண்டிக்கு மாறிப் பார்த்தேன். மறுவாரம் அவரும் அதே வண்டியில் இருந்தார். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்தே போயிட்டேன்பா. சொல்லிட்டு மாறக்கூடாதா?" என்றார். காதில் காதொலிப்பான்களைப் பொருத்திக்கொண்டேன். அவற்றுள் ஒன்றைக் கழற்றித் தம் காதில் வைத்துப் பார்த்தார். அதில் எந்தப் பாட்டும் ஓடவில்லை. "அட, இதுவும் ரிப்பேரா," என்று வருந்தினார்; மறுநாள் எனக்குப் புதியது ஒன்று வாங்கி வந்தார்.

ஒரு குளிர்காலக் காலையில் வண்டி சுரங்கப்பாதைக்குள் நின்றுவிட்டது. பெட்டி முழுவதும் இருளும் அமைதியும். நான் கண்களை மூடிக்கொண்டேன். ஏறக்குறைய மகிழ்ச்சியாக இருந்தேன். ஸ்டெல்லான் எழுந்து, அதிமதுர மிட்டாய்ப் பையைத் திறந்து, இருக்கை இருக்கையாகச் சென்று நீட்டினார்.

"எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. எப்படியும் ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள நமக்கெல்லாம் பென்ஷன் வந்துடும்."

பெட்டியே சிரித்தது. பேசாதவர்கள் பேசினார்கள். எதிரே இருந்த மூதாட்டி என்னிடம் குனிந்து, "உங்க சிநேகிதரா? குடுத்து வெச்சவர் நீங்க," என்றார். அலுவலகத் தோழர் என்று திருத்தினேன்.

கோடை விடுமுறை ஒன்றே எஞ்சியிருந்தது. ஸ்கார்வ்ஹோல்மின் கிழக்குக் கரையில் எனக்கு ஒரு சிறு மரவீடு உண்டு. அங்கே அலையோசையும் கடற்பறவைகளும் தவிர எதுவும் இல்லை. வசந்தத்தில், காப்பி இடைவேளையின்போது, எங்கள் மேலாளர் மாலின் ஒவ்வொருவரிடமும் விடுமுறை வாரங்களைக் கேட்டார். நான் வழக்கம்போல் சூலை நடுவில், ஆண்டின் இருபத்தொன்பதாம் வாரத்திலிருந்து என்றேன்.

"தீவுல தனியா என்னப்பா பண்ணுவ?" என்றார் ஸ்டெல்லான். "மீனுங்களுக்கெல்லாம் இழப்பீடு கிடையாதுன்னு கடிதம் போடுவியா?"

மேசையைச் சுற்றி இருந்தோர் சிரித்தனர். அப்போது நான் அத்தவற்றைச் செய்தேன். "எப்பவாவது அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாரு," என்றேன்.

நீங்களும் இந்நாட்டவர், இச்சொற்களை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள். சொல்பவர் வருவாரென எண்ணிச் சொல்வதில்லை. கேட்பவர் போகவேண்டுமென எண்ணிக் கேட்பதில்லை. கதவைச் சாத்துவதற்கு முன் கூறும் மரியாதை அது. என் வாழ்நாளில் அதனை உண்மையென ஏற்றுக்கொண்டவர் ஸ்டெல்லான் ஒருவரே. இருபத்தொன்பதாம் வாரத்தின் முதல் படகிலேயே, கேக் டப்பாவுடன் வந்து இறங்கினார். என் வேலியை ஒட்டிய வீடு விற்பனைக்கு இருந்தது. அவர் ஊர் திரும்புமுன் அதனை வாங்கிவிட்டார்.

ஆகஸ்டில் நண்டு விருந்து வைத்தார். மரங்களில் தாள் விளக்குகள் தொங்கின. எல்லோரும் வழக்கப்படி தாள் தொப்பி அணிந்து பாடினோம். அப்போது எடுத்த புகைப்படத்தை அவர் வீட்டில் நீங்கள் கண்டெடுத்திருப்பீர்கள். அதில் நான் புன்னகை செய்வதாகக் கூறுகிறார்கள்.

செப்டம்பரில் நான் மாலினைத் தனியே சந்தித்து, ஆண்டு இறுதியுடன் ஓய்வுபெற விரும்புவதாகத் தெரிவித்தேன். நகரத்து வீட்டை விட்டுவிட்டுத் தீவில் நிலையாகத் தங்க எண்ணியிருந்தேன். குளிர்காலத்தில் கிழக்குக் கரையில் எவரும் வசிப்பதில்லை. கோடைகால வீடுகள் பூட்டிக் கிடக்கும். பனியில் என் காலடித் தடம் மட்டுமே இருக்கும். இதனை எவரிடமும் கூறவேண்டாம் எனக் கேட்டுக்கொண்டேன்.

"மூச்சு விட மாட்டேன் ஹோல்கர்," என்றார் மாலின். "ஆனா ஸ்டெல்லான் நொந்து போயிடுவார் பாவம்."

அன்றுமுதல் எனக்கு வண்டியில் எந்தத் துன்பமும் இல்லை. அவர் பேசினார்; நான் சன்னலுக்கு வெளியே வரவிருக்கும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீருக்குள் மூழ்கியவன் மேலே தெரியும் வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அந்தக் குளிர்காலம் கிடைக்காவிடில் நான் உயிருடன் இருப்பதில் பொருளில்லை என்று ஒருநாள் மிக அமைதியாக உணர்ந்தேன். இதனை மிகைப்படுத்திக் கூறவில்லை.

அக்டோபர் இறுதியில், குழாய்களிலிருந்து நீரை வடித்து, ஆண்டு இறுதிவரை பூட்டியிருக்கும் வீட்டைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தத் தீவுக்குச் சென்றேன். அவரும் அதற்காகவே வந்திருந்தார். கிழக்குக் கரையில் எங்கள் இருவரைத் தவிர எவரும் இல்லை. சனிக்கிழமை பிற்பகலில் என் கதவைத் தட்டினார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குப்பா. காலைல தின்ன ஹெர்ரிங் மீன் செரிக்கலையோ என்னமோ."

மருத்துவ ஹெலிகாப்டரை அழைக்கலாமா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன்.

"ஹெலிகாப்டரா? ஒரு ஏப்பத்துக்கு ஹெலிகாப்டர் வரவெச்சான்னு தீவே சிரிக்கும். கடைசிப் படகு வருதுல்ல, அதுல போயிடறேன். அந்தக் கரையில ஆம்புலன்ஸ் பிடிச்சுக்கலாம்."

பிறர்க்குத் தொல்லை தரலாகாது என்ற எண்ணத்தை நான் மதிப்பவன். எனவே வற்புறுத்தவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு, தோள் கொடுத்து, துறைவரை நடத்திச் சென்றேன். அவரால் இடக்கையைத் தூக்க இயலவில்லை. ஆகையால் நானே கயிற்றை இழுத்துத் தகட்டை ஏற்றினேன்.

தகட்டைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறேன். துறையின் முனையில் கம்பத்தின்மேல் வட்டமான வெள்ளைத் தகடு ஒன்று உள்ளது. அது உயர்ந்திருந்தால் படகு எங்கள் துறைக்குத் திரும்பும். தாழ்ந்திருந்தால் நில்லாமல் போய்விடும். படகு நம்மை நோக்கித் திரும்பியதும், ஏற்றியவரே தகட்டை இறக்கிவிட வேண்டும். இல்லாவிடில் அடுத்த படகு ஆளில்லாத துறைக்கு வீணாக வரும். தீவுக் குழந்தைகளும் இதனை அறிவர்.

காத்திருப்போர் கொட்டகை காற்றுக்கு முதுகு காட்டி, கடலைப் பாராமல் கட்டப்பட்டது. அதில் அமர்ந்திருப்பவர் கடலிலிருந்து தெரியமாட்டார். ஸ்டெல்லான் பலகையில் சாய்ந்து அமர்ந்து மூச்சு வாங்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா. கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். மாலின் வாய் தவறிச் சொல்லிட்டா, அவளைத் திட்டிடாதே. நானும் ரிட்டயர் ஆகறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ எந்தத் தேதியோ அதே தேதி. டவுன் வீட்டையும் காலி பண்றேன். குளிர்காலம் பூரா இங்கதான், நீயும் நானும். உன்னைத் தனியா விட்டுடுவேன்னு நெனச்சியா?"

அவர் கண்களில் நீர் நின்றது. அது வலியினால் மட்டும் அன்று என நினைக்கிறேன்.

"நல்லது," என்றேன். "படகு வருதான்னு பாத்துட்டு வரேன்."

துறையின் முனைக்குச் சென்றேன். படகு முனைப்பாறையைச் சுற்றிக்கொண்டு வெளிப்பட்டது. இன்னும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கயிறு ஈரமாக இருந்தது. முடிச்சை அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது. எண்ணிப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது என்பதை நீங்கள் அறியவேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன். தகடு மெல்லிய ஓசையுடன் இறங்கியது. நான் கொட்டகையின் மறைவுக்குத் திரும்பினேன். படகு நேரே சென்றது.

"என்னப்பா, படகுக்காரன் போயிட்டானா?" என்றார் ஸ்டெல்லான். "குருட்டுப் பய." சிரிக்க முயன்று முகத்தைச் சுளித்தார். "சரி, போன் பண்ணிடுப்பா. என் போன் வீட்டுல சார்ஜ்ல கெடக்கு. ஹெலிகாப்டரே வரட்டும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

என் தொலைபேசி மேலங்கியின் உட்பையில் இருந்தது. வீட்டில் இருப்பதாகக் கூறினேன்.

"சீக்கிரம் வா. நான் எங்கேயும் போயிட மாட்டேன்," என்றார்.

நான் வீட்டுக்குச் சென்று, பாதியில் விட்டிருந்த குழாய் வேலையை முடித்தேன். பிறகு அவர் வீட்டுக்குச் சென்று அவர் குழாய்களிலும் நீரை வடித்தேன். உறைபனி வந்தால் அவை வெடித்துவிடும். எவர் வீடாயினும் அவ்வாறு விட்டுவைக்க என்னால் இயலாது. காப்பி தயாரித்துக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, இரண்டு கோப்பைகளுடன் திரும்பினேன். இரண்டு கோப்பைகளை எடுத்துச் சென்றேன் என்பதிலிருந்து என் மனநிலையை நீங்கள் ஊகிக்கலாம். அவர் சுவரில் தலை சாய்த்திருந்தார். இரண்டு கோப்பைகளிலும் ஊற்றினேன். என்னுடையதைக் குடித்தேன். கடல் மிக அமைதியாக இருந்தது. அதன்பின் தொலைபேசியை எடுத்தேன்.

ஹெலிகாப்டரில் வந்த செவிலியர் என் தோளைத் தொட்டு, "உங்களால ஆனதைப் பண்ணிட்டீங்க. கூடவே இருந்தீங்களே, அது போதும்," என்றார். நன்றி கூறினேன்.

சுரங்கப்பாதையில் மிட்டாய் பெற்ற மூதாட்டி இப்போது நாள்தோறும் வண்டியில் என்னெதிரே அமர்ந்து ஸ்டெல்லானைப் பற்றிக் கேட்கிறார். நானும் கூறுகிறேன்: இங்கெலாவின் உருளைக்கிழங்கு, மேல்வீட்டு நாய், எல்லாம். இறுதிச் சடங்கில் என்னைப் பேசச் சொன்னார்கள். மிக நீண்ட நேரம் பேசினேனாம். மாலின் வந்து என் கையைப் பிடித்து அமரவைத்தார். இன்றும் உங்கள் ஒரு கேள்விக்கு இவ்வளவு கூறிவிட்டேன். முன்பெல்லாம் எனக்கு இப்பழக்கம் இருந்ததில்லை.

முனைப்பாறை அருகே பார்த்தபோது தகடு உயர்ந்திருந்தது, அருகே வந்தபோது இல்லை என்று படகு ஊழியர் கூறியிருப்பதாகச் சொன்னீர்கள். "பதட்டத்துல கொஞ்சம் முன்னாடியே இறக்கிட்டீங்களா? தெரியாமப் பண்ணிட்டீங்களா?" என்று கனிவுடன் எனக்கொரு வழியும் காட்டினீர்கள். அக்கனிவுக்கு நன்றி. ஆனால் விபத்து எது, கவனக்குறைவு எது எனப் பிரித்தறிவதே என் வாழ்நாள் தொழில். இது இரண்டிலும் சேராது.

தகட்டை நான்தான் இறக்கினேன். பயணம் செய்வோர் எவரும் இல்லாத துறையில் தகடு உயர்ந்து நிற்கலாகாது என்பது எங்கள் தீவின் விதி. அன்று பயணம் செய்வோர் எவரும் இல்லை என்பது, படகு திரும்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. எனவே நான் விதியை மீறியதாக எவரும் கூற இயலாது.