நாற்பது கழிந்த மறுநாள்

எண்பதுகளில் ஒரு காலை, அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் இளம்பெண்ணும் அவளுடைய உம்மாவும் இருந்தார்கள். முந்தின நாள் ஒஸ்தா வந்து சுன்னத்து வைத்த அவளுடைய குழந்தை உம்மாவின் மடியில் கிடந்தது.

“ஒஸ்தா வெட்டக்குள்ள புள்ள கத்தினான். எனக்கு அடுத்தவூட்டுப் புள்ள கத்தின மாதிரி இருந்திச்சி, உம்மா.”

“மெதுவாக் கதை, மகள். புள்ள பெத்த நாப்பது கழிஞ்சா எல்லாம் சரியாகும்.”

“நாப்பது நேத்தோட கழிஞ்சிட்டு.”

குழந்தை அழுதது. உம்மா அதை நீட்டினாள். மகள் கைகளை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“என்னைய ஒரு டொக்டர்ட்டக் காட்டுங்க, உம்மா.”

“டொக்டர்ட்டச் சொல்ல உனக்கு என்ன வருத்தம் இரிக்கி? காய்ச்சலா?”



நான் டொக்டர். பிரசவத்துக்குப் பிறகு மனதுக்கு வரும் அந்த நோயைப் படித்தவன். வாய் திறக்காமல் நிந்தவூரில் இறங்கிவிட்டேன்.