சபாஷும் ஒரு பிஸ்கட்டும்

இல்லீங்க மேடம், அது கடிக்காது. காலை மேல தூக்கி வெச்சுக்காதீங்க, அப்புறம் நீங்க விளையாடக் கூப்பிடறதா நெனச்சுக்கும். கடிக்கற சாதியெல்லாம் அடுத்த கூண்டுல இருக்கு. இது மோப்பம் பிடிக்கற நாய். போதைச் சரக்கு எங்க இருக்கோ அங்க போய் உக்காரும். குரைக்காது, பிறாண்டாது, உக்காரும், அவ்ளோதான். இது உக்காந்தா எதிர்ல இருக்கறவன் கதை முடிஞ்சுது. அதனாலதான் நாங்க இதை ஜட்ஜுன்னு கூப்பிடறோம். ரெக்கார்டுல வேற என்னமோ பேரு இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது.

நீங்க கொண்டாந்த பேப்பரைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நாய்க்கு மூக்கு கெட்டுப்போச்சு, கருத்தரங்கு நடந்த அன்னிக்குக் காலையிலிருந்துதான் கெட்டுப்போச்சு, அதனால வேலையிலிருந்து எடுத்துடலாம்னு இதைக் கையில பிடிச்சிருக்கற நானே சொல்றேனாம், கீழ என் கையெழுத்தாம். சரிங்க, போடலாம். மேலேருந்து சொன்னா போட வேண்டியதுதானே. ஆனா விசாரிக்க வந்த ஆளு எதையும் விசாரிக்காமப் போனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க. டீ சொல்லட்டுமா? வேணாமா? டீயில நாய் முடி விழுந்திருக்கும்னு பாக்கறீங்க. அதுவும் நியாயந்தான்.

அந்தப் பொட்டலமா? என் சாப்பாடுதான், கடையில வாங்கினது. வீட்டுலேருந்து இப்பல்லாம் வர்றதில்ல. அது வேற கதை, விடுங்க.

அந்தக் கருத்தரங்கு இருக்கே, அடடா! நீங்க வந்திருக்கணும் மேடம். வாசல்ல பேனர், குற்றவியல் நீதியும் போதைப்பொருள் கொள்கையும், ஒரு மனிதநேயப் பார்வைன்னு. உள்ள ஏசியைப் போட்டு வெச்சிருக்காங்க பாருங்க, அந்தக் குளிர்ல மனிதநேயம் இல்ல, ஐஸ்தான் உறையும். எங்க நிகழ்ச்சி மத்தியானந்தான், ஆனா காலையிலயே வரச் சொல்லிட்டாங்க. நானும் இதுவும் பின்வரிசை ஓரத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டோம். இது பாதியில தூங்கிடுச்சு. எனக்கு அந்தக் குடுப்பினையும் இல்ல.

ஒருத்தர் மேடை ஏறி ஸ்கிரீன்ல ஒரு முக்கோணம் காட்டினாரு. முக்கோணத்துக்குள்ள ஒரு வட்டம், வட்டத்துக்கு நடுவுல பயனாளர்னு எழுதியிருக்கு. யாருடா இந்தப் பயனாளர்னு பாத்தா, தெரு முனையில கஞ்சா அடிச்சுட்டு விழுந்து கிடக்கறானே, அவன்தானாம். அடப்பாவிங்களா, அவனை நாங்க அள்ளிட்டு வர்றப்போ இந்தப் பேரை யாரும் எங்களுக்குச் சொல்லலையே! இன்னொரு அம்மா வந்தாங்க. ஜெயில்ல ஏழைங்க படற பாட்டைச் சொல்லிச் சொல்லி உருகினாங்க, எனக்கே கண்ணு கலங்கிடுச்சுன்னா பாத்துக்கங்களேன். இறங்கினதும் நேரா மைக் செட்டுக்காரர்கிட்ட போயி, நான் பேசறப்போ கொர்ருனு சத்தம் வந்துச்சு, உன்னை வேலையை விட்டுத் தூக்காம விடமாட்டேன்னு ஒரு பிடி பிடிச்சாங்க பாருங்க. ஊருக்குத்தான் உபதேசம்.

கேள்வி நேரம்னு ஒண்ணு வெச்சாங்க. ஒருத்தர் எந்திரிச்சு, எனக்குக் கேள்வி எதுவும் இல்லன்னு ஆரம்பிச்சாரு. அப்ப உக்கார வேண்டியதுதானே? உக்காரலையே. மேடையில பேசினவரைவிட அதிகமாப் பேசினாரு. கடைசியில பாத்தா அவரோட புஸ்தகம் வெளிய மேஜையில விக்குதாம். அதுக்குத்தான் அவ்ளோ பேச்சும்.

வர்றேன் மேடம், விஷயத்துக்குத்தான் வர்றேன். இப்பவே கடியாரத்தைப் பாத்தா எப்படி?

எங்களுக்குக் குடுத்தது செயல்விளக்கம். மேடையில அட்டைப் பெட்டிங்களை வரிசையா வெச்சு, ஒண்ணுல மட்டும் பயிற்சிக்குன்னு நம்ம ஆபீஸ்ல வெச்சிருக்கற சரக்கைப் போட்டிருந்தாங்க. நாய் போய் அது பக்கத்துல உக்காரணும், எல்லாரும் கை தட்டணும், போட்டோ எடுக்கணும். நான் இதைக் கயித்துல பிடிச்சுட்டு முன்வரிசை வழியா மேடைக்குப் போறேன். பாதி வழியில நின்னுச்சு. மூக்கைத் தூக்கிச்சு. நேரா போய், சிறப்பு விருந்தினரா வந்த பேராசிரியர் காலடியில ஒரு தோல் பை இருந்துச்சு பாருங்க, அதுக்குப் பக்கத்துல பதவிசா உக்காந்துடுச்சு. பேராசிரியர்னா சும்மா ஆள் இல்ல, அரசாங்கத்துக்கே இந்த விஷயத்துல யோசனை சொல்ற குழுவுக்குத் தலைவரு.

இங்கதான் நான் தப்புப் பண்ணிட்டேன்னு உங்க பேப்பர் சொல்லுது. பண்ணினேன். எங்க வேலையில ஒரு ரூல் இருக்கு. நாய் உக்காந்ததும் சபாஷ் சொல்லி ஒரு பிஸ்கட் குடுத்தே ஆகணும். யாரு, என்ன, எந்த இடம்னு பாக்கக் கூடாது. ஒரு தடவை குடுக்காம விட்டோம்னா, உக்காந்தது தப்போன்னு அதுக்குக் குழப்பம் வந்துடும், அடுத்த தடவை உக்காராது. பயிற்சியில முதல் நாளே இதைத்தான் மண்டையில ஏத்துவாங்க. கை தானா இடுப்புப் பைக்குள்ள போயிடும். நான் என்ன பண்ணேன், அவ்ளோ பெரிய ஹால்ல, அத்தனை பேர் முன்னாடி, சபாஷ்டா ஜட்ஜுன்னு சத்தமாச் சொல்லி பிஸ்கட்டைக் குடுத்துட்டேன். ரெண்டு சீட் தள்ளி ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் உக்காந்திருந்தாரு. தன்னைத்தான் பாராட்டறாங்கன்னு நெனச்சு எந்திரிச்சு கும்பிடு போட்டாரு. நீங்க சிரிக்கறீங்க. அன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கல மேடம்.

பேராசிரியர் மூஞ்சி வெளுத்துடுச்சு. ஆனா மனுஷன் கெட்டிக்காரரு, சட்டுனு சமாளிச்சுட்டாரு. மைக்கை வாங்கி, பாத்தீங்களா, இதைத்தான் நான் இத்தனை வருஷமா சொல்லிட்டு வர்றேன்னாரு. வாசனைங்கறது ஒட்டிக்கற சமாச்சாரம். பக்கத்துல உக்காந்து வந்தவன்கிட்டேருந்து ஒட்டியிருக்கலாம், பையைத் தூக்கிட்டு வந்தவன்கிட்டேருந்து ஒட்டியிருக்கலாம். ஒரு வாயில்லா ஜீவன் உக்காந்துச்சுங்கறதுக்காக ஒரு மனுஷனைக் குத்தவாளின்னு சொல்லிடலாமா, இது நாகரிகமான சமூகம் பண்ற காரியமான்னு கேட்டாரு. கை தட்டினாங்க பாருங்க, கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி. நானும் தட்டினேன். எவ்ளோ சரியான பேச்சு!

ஆனா இந்தப் பேச்சை இதுக்கு முன்னாடியே ஒருத்தன் பேசி நான் கேட்டிருக்கேன். வாடகைக்கு வண்டி ஓட்டறவன், ஒரு ஒண்ணரை வருஷம் இருக்கும். வண்டியில ஏறினவங்க பின் சீட்டுக்கு அடியில ஒரு பொட்டலத்தை விட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்க பையை இவன்தான் தூக்கி வெச்சிருக்கான், டிரைவர்னா தூக்கித்தானே வெக்கணும்? வழியில மடக்கினப்போ இது வண்டியை விட்டுட்டு நேரா அவன் பக்கத்துல போய் உக்காந்துடுச்சு. சார், பையைத் தூக்கினேன், வாசனை ஒட்டியிருக்கும் சார்னு கோர்ட்டுல அவனும் இதையேதான் சொன்னான். அவனுக்கு முக்கோணம் போடத் தெரியாது, நாகரிகம் சமூகம்னு பேசவும் வராது. யாரும் கை தட்டல. ஏழு வருஷம் போட்டு அனுப்பிட்டாங்க.

பையையா? பையை எங்கங்க திறந்தாங்க! அவர் பேசி முடிக்கறதுக்குள்ள அவரோட உதவியாளர் அதைத் தூக்கிட்டுக் காருக்குப் போயிட்டாரு. இது சும்மா இருந்துச்சா? என்னை இழுத்துட்டு வெளிய ஓடி அந்தக் காருக்குப் பக்கத்துலயும் போய் உக்காந்துடுச்சு. அங்கயும் பிஸ்கட் குடுத்தேனான்னு கேக்கறீங்களா? குடுத்தேன். ரூல்னா ரூல்தானே.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. ஏற்பாடு பண்ணினவரு ஓடி வந்து, நாய்க்குப் பசியா இருக்கும், பையில கேக் ஏதாவது இருந்திருக்கும்னாரு. ஒரு ஆராய்ச்சிக்காரர், இந்த நாய்க்குப் பணக்காரங்களைக் கண்டா ஆகாது, அது ஒரு வர்க்கக் கோபம்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டாரு. இன்னொருத்தர் என்கிட்ட வந்து, நாயோட சின்ன வயசைப் பத்திக் கேட்டாரு. தாய்ப்பால் சரியாக் கிடைக்கலையாமே, அதனால இருக்குமாம். பையைத் திறந்து பாக்கலாமேன்னு மட்டும் அத்தனை படிச்சவங்கள்ல ஒருத்தர் வாயிலேருந்தும் வரல. நான் கேட்டிருக்கலாமேன்னு சொல்றீங்க. கேட்டேனே. அதனாலதானே நீங்க வந்திருக்கீங்க.

மறுநாள் எங்க அதிகாரி கூப்பிட்டாரு. பிரமுகரை அவமானப்படுத்தணும்னே பிஸ்கட் குடுத்தியான்னாரு. இல்லீங்கய்யா, நாய் சரியாத்தான் உக்காந்துச்சுன்னேன். யோவ், நாய் சரின்னா அவர் தப்பாயிடுவாரு, அது எப்படிய்யா முடியும்னாரு. அதுவும் வாஸ்தவந்தான். ரெண்டுல ஒண்ணு தப்பா இருந்தாகணும், அவருக்கு ஆள் பலம் இருக்கு, இதுக்கு வால் மட்டுந்தான் இருக்கு. இப்ப மூக்கு கெட்டுப்போச்சுன்னு எழுதினா இதை வேலையிலிருந்து எடுத்துடுவாங்க. யாராவது கேட்டா வளக்கக் குடுப்பாங்க. கேக்க ஆள் இல்லன்னா ஊசி.

நான் கேக்கலாந்தான். எங்க வீட்டுல வாசப்படி மிதிக்க விடமாட்டாங்க. நாயையா என்னையான்னு கேக்கறீங்களா? ரெண்டு பேரையுந்தான்.

கையெழுத்தா? போடறேன் மேடம், நான் எங்க மாட்டேன்னேன்? தேதிதான் உதைக்குது. கருத்தரங்கு அன்னிக்குக் காலையில கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, மூக்கு என்ன பல்பா, பட்டுனு ஃபியூஸ் போறதுக்கு? ரெண்டு வருஷம் முன்னாடி இதுக்குப் பெரிய ஜுரம் வந்துச்சு, மூக்குல ஒழுகித் தள்ளுச்சு, நம்ம டாக்டரைக் கேட்டுப் பாருங்க. கெட்டுப்போச்சுன்னா அப்பத்துலேருந்தே கெட்டுப்போச்சுன்னு எழுதுங்க. இப்பவே போடறேன்.

தெரியும் மேடம். அப்படி எழுதினா இந்த ரெண்டு வருஷத்துல இது உக்காந்து உள்ள போன அத்தனை பேரோட கேஸும் ஆடிப்போயிடும். ஆமா, நெஜமாவே சரக்கு வித்தவனும் அதுல வெளிய வருவான். எனக்கு மட்டும் அது இனிக்குதா? அவங்களைப் பிடிச்சுக் குடுத்தவனே நான்தான். அப்ப ஒண்ணு பண்ணுங்க, அந்தத் தோல் பையைக் கொண்டாந்து என் முன்னாடி திறங்க. அதுல ஒண்ணும் இல்லன்னா நான் வேலையையே விட்டுட்டுப் போறேன். முடியாதுல்ல? பெரிய மனுஷன் பக்கத்துல உக்காந்தா மட்டும் நாய்க்கு மூக்கு சரியில்ல, டிரைவர் பக்கத்துல உக்காந்தா மூக்கு சரியா இருக்கா? இது என்னங்க நியாயம்?

இல்லீங்க, கோவமெல்லாம் இல்ல. இதுக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு, இப்பவும் சொல்றேன். இது ஒரு நாளும் தப்பா உக்காந்ததில்ல. ஆனா இதுக்கு வாசனைதான் தெரியும், அது யாரோடதுன்னு தெரியாது. அதைக் கண்டுபிடிக்கறது நம்ம வேலை. நாமதான் அதைப் பண்றதில்லையே.

இதுல எனக்கு என்ன லாபமா? வேலை போயிடும்னு தெரிஞ்சே எதுக்கு இந்தப் பிடிவாதம்னு கேக்கறீங்க. ஒண்ணுமில்லீங்க. அந்த வண்டி ஓட்டறவன் சொன்னேன்ல, அவன் என் மச்சான். என் சம்சாரத்தோட கூடப் பொறந்த தம்பி. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது, அன்னிக்கு அங்க நின்னவங்களுக்கும் தெரியாது. கயிறு என் கையிலதான் இருந்துச்சு. இது போய் உக்காந்ததும் அவன் முதல்ல சிரிச்சான். எங்க வீட்டுல சாப்பிட்டு வளந்தவன், மாமா ஏதோ விளையாடறாருன்னு நெனச்சான். அப்புறம் மத்தவங்க மூஞ்சியைப் பாத்துட்டு, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி மெதுவா, மாமா, இதை எந்திரிக்கச் சொல்லுங்க மாமான்னான்.

என் சம்சாரம் இன்னிக்கு வரைக்கும் என்னை வாசல்லயே நிறுத்தி ஒரே ஒரு கேள்விதான் கேக்கறா. நாயை இழுத்துட்டுப் போயிருக்க முடியாதான்னு கூடக் கேக்கல. அது உங்க வேலை, தெரியும்ங்கறா. அவன் அப்படிச் சொன்னப்போ நீங்க என்ன பண்ணீங்கன்னு மட்டும் கேக்கறா. நான் சொன்னதில்ல.

என்ன பண்ணியிருப்பேன் மேடம்? உக்காந்துடுச்சு இல்ல. சபாஷ்டா ஜட்ஜுன்னேன். பையிலேருந்து பிஸ்கட்டை எடுத்துக் குடுத்தேன். இது தின்னு முடிக்கற வரைக்கும் அவன் பாத்துட்டே நின்னான்.

தேதியை மாத்திக் குடுங்க. பேனா என்கிட்டயே இருக்கு.