கூடையைத் தூக்கிய பிறகு பேசக்கூடாது

மூசா: மெதுவாடா! பள்ளத்தப் பாத்துப் போ. முதுகெலும்பு கழண்டு கையில வந்துரும் போல இருக்கு.

யாவர்: பள்ளமே இல்லாத ரோட்டுல போகணும்னா வீட்டுலயே படுத்திருக்கணும். கூடை பத்திரமா?

மூசா: என் முதுகுல தான தொங்குது. காலிக் கூடைக்கே இந்தப் பாடு. திரும்பி வரும்போது பனிக்கட்டியோட...

யாவர்: கனம் ஏறிட்டா பைக்கு அடங்கிரும். போன மாசம் ஒரு வெள்ளாட்டப் பின்னால கட்டி ஓட்டிட்டு வந்தேன். ஆடு ஒரு வார்த்த குறை சொல்லல.

மூசா: நீ பேசினது அதுக்குப் புரியல. குடுத்து வெச்ச ஆடு.

யாவர்: நான் அப்படி என்ன பேசிட்டேன்?

மூசா: கிளம்பினதுல இருந்தா? உங்க மாமாவோட கட்டுப்பல்லு. ஸ்கர்தூ கடைத்தெருவுல செயின் விக்கிற விலை. சீனா டயர் நல்லதா, வேற டயர் நல்லதா. கழுத தொங்குபாலத்துல மாட்டிக்கிட்ட கத... அதுவும் ரெண்டு தடவ.

யாவர்: ரெண்டாவது தடவ சிரிச்சியே!

மூசா: முடிஞ்சுதேன்னு சிரிச்சேன்.

யாவர்: இப்பவே பேசித் தீத்துக்கணும்டா. கூடையில பனி ஏறி, நீ அதத் தூக்கிட்டா, ஊர் மேட்டுல கொண்டு போய் வைக்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாதே.

மூசா: மூச்சு விடலாம். வார்த்ததான் விடக் கூடாது. ஷேக் சாகிப் உன் மூஞ்சியப் பாத்து ரெண்டு தடவ சொன்னாரு, கேட்டியா? "பேசினா பனி பிடிக்காது. கூடை தரையில பட்டாலும் பிடிக்காது."

யாவர்: கேட்டேன், கேட்டேன். எங்க தாத்தா காலத்துல இருந்து கேட்டுட்டுத்தான் இருக்கோம்.

மூசா: மசூதி வாசல்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? "பெண் பனியக் கொண்டு வர யாவரயா அனுப்புறீங்க? அதுக்கு ஒரு ரேடியோவ அனுப்பலாமே"ன்னு.

யாவர்: என்னை யாரும் அனுப்பல. நானா கை தூக்கினேன்.

மூசா: அதான் கேக்கறேன். ஏன் தூக்கின?

யாவர்: ஊருக்குத் தண்ணி வேணாமா? ஊத்து பாதியாப் போச்சு. உங்க பார்லி எங்க பார்லி எல்லாம் கருகுச்சே. ஆண் பனியும் பெண் பனியும் சேத்து வெச்சாதான நம்ம மேட்டுல புதுப் பனியாறு வளரும்? ஆண் பனி எடுக்கப் போனவங்க பக்கத்து மலை, நடந்தே போயிட்டாங்க. பெண் பனி இந்தக் கோடியில கெடக்கு. நடந்து போய்த் தூக்கிட்டு வந்தா வழியிலயே பாதி உருகிரும். ஊர்ல பைக்கு வெச்சிருக்கறவன் நான்.

மூசா: மூணு பேர் வெச்சிருக்காங்க.

யாவர்: ஓடற பைக்கு வெச்சிருக்கறவன் நான்.

மூசா: சரி. கூட வர்றதுக்கு என்னை ஏன் கேட்ட? உன் தம்பி காட்டெருமை மாதிரி இருக்கான். எனக்கு முட்டி வலி.

யாவர்: நீ... நீ நிதானமான ஆளு.

மூசா: அடேங்கப்பா.

யாவர்: மூசா...

மூசா: சொல்லு.

யாவர்: உன்கிட்ட ஒண்ணு...

மூசா: சொல்லுடா.

யாவர்: ...எதிர்ல ஜீப்பு வருது. ஓரம் கட்டறேன். கீழ பாக்காத.

மூசா: பாத்துட்டேன். யா அல்லா! ஆறு அவ்வளவு கீழயா ஓடுது?

யாவர்: பாக்காதன்னு சொன்னேன்ல? சரி, போயிட்டான். அதோ இப்ராஹிம் மாமா டீக்கடை. நம்ம ஊர் ரோடும் பனியாத்து ரோடும் பிரியற எடம். ஒரு உப்பு டீ போடுவோமா?

மூசா: வரும்போது குடிக்கலாம். இப்ப விடு. என்னமோ சொல்ல வந்தியே?

யாவர்: நானா? ஆங்... ஒண்ணுமில்ல. ஸ்கர்தூவுல இருந்து உங்க வீட்டுக்கு ஆளு வர்றாங்களாமே?

மூசா: ஆமா. என் தங்கச்சி கனீஸப் பொண்ணு பாக்க. பையன் பாங்க்ல வேல பாக்கறான். நாளான்னிக்கி வர்றதா பேச்சு.

யாவர்: பாங்க்லயா... நல்ல எடம்.

மூசா: நல்ல எடம்தான்.

யாவர்: பையன் எப்படி?

மூசா: அதிகம் பேச மாட்டானாம்.

யாவர்: ஓ.

மூசா: என்னடா, திடீர்னு நீயும் பேசறத நிறுத்திட்ட?

யாவர்: ஓடை குறுக்க போகுது பாரு. இறங்கி நட. ஷூவ நனைச்சிராத.

*

யாவர்: மூசா... அங்க பாரு.

மூசா: மாஷா அல்லா!

யாவர்: இன்ஜின அணைச்சுட்டேன். கேளு. சத்தம் கேக்குதா? உள்ள எங்கயோ முனகுது.

மூசா: இவ்வளவு பெருசுன்னு யாரும் சொல்லலியே! எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. உள்ளுக்குள்ள நீலமா இருக்கு பாரு. எனக்கு என்னமோ அழுகை வருதுடா.

யாவர்: எனக்கும்தான். அதான் பெண் பனி. நம்ம பக்கத்து மலையில இருக்கறது ஆண் பனி. கறுப்பா, கல்லும் மண்ணுமா, அசையாம உக்காந்துட்டு... கோடையில நாலு சொட்டுத் தண்ணி விடறதுக்கும் மூக்கால அழும்.

மூசா: எங்க அப்பா மாதிரி.

யாவர்: நீ சொன்ன, நான் சொல்லல. சரி, கோடாலிய எடு. இந்த ஓரத்துல வெட்டலாம். கூடையில முதல்ல கரியக் கொட்டு, அப்புறம் உமி. இந்தா, கட்டி நல்லா வந்திருக்கு. உள்ள வை... அவ்வளவுதான். தூக்கலாமா?

மூசா: இரு, இரு. இந்தக் கட்டி சரியில்ல. ஓரத்துல அழுக்கு.

யாவர்: பனியில என்னடா அழுக்கு? சரி, வேற வெட்டறேன். ...இந்தா. இது கண்ணாடி மாதிரி இருக்கு.

மூசா: இது சின்னது.

யாவர்: உன் முட்டிக்கு இதுவே ஜாஸ்தி! தூக்குடா, வெயில் ஏறுது.

மூசா: என்ன அவசரம்? இந்தா, அப்ரிகாட் கொட்ட தின்னு. உக்காரு. பேச வேண்டியது ஏதாவது இருந்தா பேசி முடி. தூக்கிட்டா அப்புறம் பேச்சில்ல.

யாவர்: எனக்கு என்ன பேச வேண்டியிருக்கு? ஒண்ணுமில்ல.

மூசா: ஒண்ணுமே இல்லயா?

யாவர்: இல்ல.

மூசா: உமி பத்தாது போல. இன்னும் கொஞ்சம் அமுக்கறேன்.

யாவர்: நாலாவது தடவ அமுக்கற. பனிய தூங்க வைக்கிறியா?

மூசா: கயிறையும் ஒரு தடவ அவுத்துக் கட்டணும்.

யாவர்: உனக்கு என்னடா ஆச்சு இன்னிக்கு? அங்க ஆண் பனியோட எல்லாரும் நமக்காகக் காத்துட்டு நிப்பாங்க. குடு, நான் தூக்கறேன்.

மூசா: தொடாத! நான்தான் தூக்குவேன். ...யாவரு, நெசமாவே ஒண்ணும் இல்லயா? நல்லா யோசிச்சுக்க. நான் குனியறேன். கயிறத் தோள்ல மாட்டறேன்...

யாவர்: மூசா, நில்லு!

மூசா: என்ன?

யாவர்: நில்லு... நான் தண்ணிக்காக மட்டும் கை தூக்கல. தண்ணிக்காகவும்தான். ஆனா உன்னைத் தனியா எங்கயாவது கூட்டிட்டுப் போய்க் கேக்கணும்னு... ஊர்ல எங்க பாத்தாலும் நாலு பேர் நிக்கறாங்க. எங்க அம்மாவ அனுப்பலாம்னா, நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா அவங்க தாங்க மாட்டாங்க. எனக்கு பாங்க்ல வேல இல்ல. பைக்கு ரிப்பேர் பண்றேன். ஜாஸ்தி பேசறேன். எல்லாம் தெரியும். கனீஸ எனக்குக் குடுப்பீங்களா? நல்லா வெச்சுக்குவேன்டா. குடுப்பீங்களா?

மூசா: பிஸ்மில்லா!

யாவர்: டேய்! தூக்காத! பதில் சொல்லிட்டுத் தூக்கு... டேய் மூசா! ஐயோ, தூக்...

மூசா: ……

யாவர்: ……

*

இப்ராஹிம்: வாங்க, வாங்க! சலாம். என்ன பைக்கத் தள்ளிட்டு வர்றீங்க? பின் டயர் பஞ்சரா? மூசா, அந்தக் கூடைய இறக்கி வெச்சுட்டு உக்காரு.

மூசா: ……

இப்ராஹிம்: ஏம்ப்பா, முதுகெல்லாம் நனைஞ்சு போய் நிக்கற? இறக்குன்னா தலைய ஆட்டற? யாவர், நீயாவது சொல்லு.

யாவர்: ……

இப்ராஹிம்: யாவர் பேச மாட்டேங்கறானா? உடம்பு கிடம்பு... அட! கூடையில பனியா? பெண் பனியா! அல்லாவே, மன்னிச்சிரு. நான் ஒரு மடையன். பேசாதீங்க, பேசாதீங்க! நான் பேசினா தப்பில்ல, நான் பனி கொண்டு போகலியே. யாவர், நீ டயரக் கழட்டு. பம்ப்பு உள்ள இருக்கு, எடுத்துத் தர்றேன்.

யாவர்: ……

இப்ராஹிம்: இந்த யாவர் வாய மூடி இருக்கறத என் கண்ணால பாத்துட்டேன். இனிமே இந்த ஊர் வறண்டு போகாது. மூசா, நின்னுக்கிட்டே டீ குடிக்கிறியா? வாயில ஊத்தி விடறேன். ஆ காட்டு. ஆங்... அப்படித்தான். உங்க வீட்டுலயும் இன்னிக்கு டீ ஓயாம கொதிச்சிருக்கும், என்ன?

மூசா: ……

இப்ராஹிம்: நீங்க மேல போன கொஞ்ச நேரத்துலயே ஸ்கர்தூ ஜீப்பு ஒண்ணு வந்துச்சு. இங்கதான் நிறுத்தி வழி கேட்டாங்க. பொம்பளைங்க மூணு பேரு, மிட்டாய்ப் பெட்டி, ஒரு பெரிய துணி மூட்டை. "மூசா வீடு எது?"ன்னாங்க. பொண்ணு பாக்க வந்தவங்கன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. நாளான்னிக்கின்னு சொன்னாங்களே, இன்னிக்கே வந்துட்டாங்க போல!

யாவர்: ……!

இப்ராஹிம்: யாவர், பாத்து! ஸ்பேனர் கால்ல விழுந்திருச்சு பாரு. வலிக்குதா? கத்திராதப்பா, உன் கால்ல விழறேன், கத்திராத! ஊர் தண்ணி உன் வாயில இருக்கு. இந்தத் துண்டக் கடிச்சுக்க.

யாவர்: ……

இப்ராஹிம்: என்ன, கண்ணெல்லாம் கலங்குது? அவ்வளவு வலியா? மூசாவ எதுக்குய்யா அப்படி முறைக்கற? அவன் என்ன பண்ணினான்? மூசா, நீ எதுக்கு வானத்தப் பாக்கற? உங்க ரெண்டு பேருக்கும் என்னதான் ஆச்சு? சரி சரி, காத்து ஏறிருச்சு. கிளம்புங்க. அவங்க திரும்பிப் போயிட்டாங்களான்னு கண்ணால கேக்காத, அந்த ஜீப்பு திரும்பினத நான் பாக்கல. நான் கொஞ்ச நேரம் தூங்கிட்டேன்.

*

மூசா: அல்ஹம்துலில்லா! வெச்சாச்சு. ஆண் பனி பக்கத்துலயே பெண் பனி. கரி போட்டாச்சு, உமி மூடியாச்சு, ஷேக் சாகிப் துவாவும் ஓதிட்டாரு. முதுகு மரத்துப் போச்சுடா. இப்ப பேசலாம்.

யாவர்: படுபாவி! துரோகி! நாளான்னிக்கின்னு சொன்ன! இன்னிக்கே வந்திருக்காங்க! நான் கேக்கறேன், பதில் சொல்லாம கூடையத் தூக்கற! வழி பூரா என் நெஞ்சு வெடிச்சுப் போச்சு, தெரியுமா? ஊருக்கு வர்ற பாலத்துல ஒரு நிமிஷம் பேசிரலாம்னு வாயத் தொறந்தேன். அப்புறம் ஊர்ப் பிள்ளைங்க குடத்தோட நிக்கறது ஞாபகம் வந்து மூடிட்டேன். சொல்லுடா! இப்பவாவது சொல்லு! குடுப்பீங்களா, மாட்டீங்களா?

மூசா: என்னை ஏன் கேக்கற? வைக்கோல் கட்டோட வர்றா பாரு, அவளயே கேளு.

யாவர்: டேய், அவகிட்ட எப்படி... கனீஸ்... சலாம்.

கனீஸ்: சலாம். கால்ல என்ன கட்டு?

யாவர்: ஸ்பேனர் விழுந்துச்சு. அது ஒண்ணுமில்ல. ஜீப்பு... ஜீப்பு போயிருச்சா?

கனீஸ்: அப்பவே போயிருச்சு. டீ குடிச்சாங்க. ரொம்ப நல்ல மனுஷங்க. எனக்கு வேற எடத்துல பேசி முடிஞ்சிருச்சுன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன்.

யாவர்: வேற எடமா? எந்த எடம்?

மூசா: இவன வெச்சுக்கிட்டு நீ எப்படித்தான் குடும்பம் நடத்தப் போறியோ, கனீஸ்.

யாவர்: நானா? என்கூடவா? மூசா, அவ சொல்றது நானா? ஆனா... எனக்கு ஒண்ணும் புரியல. காலையிலயே சொல்லி அனுப்பிட்டன்னா, நான் அப்ப கேக்கவே இல்லயே!

கனீஸ்: கேக்கலதான். மூணு வருஷமா எங்க வீட்டுக்கு வந்து டயரப் பத்திப் பேசறீங்க. அம்மா போட்ட டீ பூரா உங்க வயித்துல. அத மட்டும் கேக்கல. நானும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தேன். அதான் அண்ணன்கிட்ட சொன்னேன், அவரு கேட்ட உடனே கூடையத் தூக்கிரு, பதில் தெரியாம வாய மூடிட்டு இருக்கறது எப்படின்னு ஒரு பொழுது அவரும் பாக்கட்டும்னு.

யாவர்: பாத்தேன். யா அல்லா, நல்லாப் பாத்தேன். ஆனா கனீஸ்... நான் கேக்காமலே திரும்பி வந்திருந்தா? வந்தவங்களயும் அனுப்பிட்ட. ஊர் முன்னாடி உன் கதி என்ன ஆயிருக்கும்?

கனீஸ்: கேக்காம எப்படி வருவீங்க? நீங்க கேக்கற வரைக்கும் கூடையத் தூக்கவே கூடாது, பனி மொத்தமும் உருகினாலும் சரின்னுதான் அண்ணன அனுப்பினேன்.