விழாமல் சிரிக்க ஒரு மாத்திரை

கணவன்: முடியாது டாக்டர். வேற என்ன வேணாலும் செய்யச் சொல்லுங்க. தலைகீழா நிக்கச் சொல்லுங்க, நிக்கிறேன்.

டாக்டர்: தலைகீழா எல்லாம் வேணாம் சார். உங்க மனைவிக்கு ஒரு ஜோக் சொல்லுங்கன்னுதான் கேக்கிறேன்.

கணவன்: அதான் முடியாதுங்கிறேன்.

மனைவி: பழக்கம் விட்டுப் போச்சு டாக்டர். எங்க வீட்ல ஜோக்குக்குத் தடை உத்தரவு போட்டு வருஷக்கணக்காகுது.

கணவன்: யாரு போட்டது? நானா?

மனைவி: பின்னே? டி.வி.யில காமெடி வந்தா உடனே வானிலை அறிக்கைக்கு மாத்துறது யாரு?

கணவன்: நீ சிரிச்சா விழுவ. விழுந்தா நான்தானே பிடிக்கணும்?

மனைவி: பிடிச்சாதான் பரவாயில்லையே! போன தடவை இவரு சோபாவப் பிடிச்சாரு டாக்டர். நான் தரையில கிடக்கேன்.

கணவன்: சோபாவ உன் பக்கம் இழுத்துப் போடப் பாத்தேன்டி!

டாக்டர்: இங்க அந்தக் கவலையே வேணாம். கீழ மெத்தை போட்டிருக்கு. சுவத்துலயும் பஞ்சு வச்சிருக்கு. மூலையில கேமரா. மேடம் எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடாது.

கணவன்: ஆஸ்பத்திரி ரூம் மாதிரியே இல்லையே இது. குஸ்தி போடுற இடம் மாதிரி இருக்கு.

டாக்டர்: சார், இவங்க எங்க ஆராய்ச்சி மாத்திரைய ஆரம்பிச்சு சில மாசம் ஆச்சு. இன்னிக்கு நல்லாச் சிரிக்க வச்சுப் பாக்கணும். காலையில இருந்து நான் காட்டின வீடியோ எதுக்குமே சிரிக்க மாட்டேங்கிறாங்க.

மனைவி: பூனை அலமாரி மேல இருந்து தொபுக்கடீர்னு விழுது. அதுல என்ன டாக்டர் சிரிப்பு? பாவம். அதோட கஷ்டம் எனக்குத் தெரியும்.

கணவன்: ஒரு நிமிஷம். இந்த மாத்திரை உள்ள போய் என்ன பண்ணுதுன்னு எனக்குப் புரியற மாதிரி யாரும் சொல்லவே இல்ல. நான் லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவன். எந்த வயர் எங்க போகுதுன்னு தெரியாம நான் எதுலயும் கை வைக்க மாட்டேன்.

டாக்டர்: சொல்றேன். மூளைக்குள்ள ஆழத்துல ஒரு சின்னக் கூட்டம் செல்கள் இருக்கு. ஒரெக்சின்னு ஒண்ணைச் சுரக்கும். நம்மள முழிப்பா வச்சிருக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு. இவங்களுக்கு அந்தச் செல்கள் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு.

கணவன்: எப்படி அழிஞ்சுது?

டாக்டர்: உடம்போட நோய் எதிர்ப்புப் படையே, எதிரின்னு தப்பா நினைச்சு அடிச்சிருக்கும்னு சந்தேகப்படுறோம். இன்னும் முழுசா நிரூபிக்கல.

மனைவி: என் உடம்புக்கே என்னைப் பிடிக்கல, பாத்துக்குங்க.

கணவன்: நீ சும்மா இரு. அதுக்கும் விழுறதுக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?

டாக்டர்: நாம கனவு காணும்போது மூளை கை காலை எல்லாம் ஆஃப் பண்ணி வச்சிடும். இல்லைன்னா கனவுல ஓடுறவன் கட்டில்ல இருந்து எழுந்து நிஜமாவே ஓடிடுவான். இவங்களுக்கு அந்த ஸ்விட்ச் முழிச்சிருக்கும்போதே விழுந்துடுது. முக்கியமா, சிரிக்கும்போது. முழங்கால் மடங்கும், தலை தொங்கும்…

மனைவி: தாடையும் தொங்கும். அதை விட்டுட்டீங்களே, அழகே அதுதான்!

டாக்டர்: இதுவரைக்கும் வந்த மருந்தெல்லாம் தூக்கத்த விரட்டும், இல்ல விழறதைக் கொஞ்சம் குறைக்கும். இந்த மருந்து அப்படி இல்ல. காணாமப் போன ஒரெக்சின் எந்தப் பூட்டுல போய் உக்காருமோ, அதே பூட்டுல இதுவும் போய் உக்காரும்.

கணவன்: அப்ப கள்ளச்சாவி.

டாக்டர்: மாத்துச் சாவின்னு சொல்லுங்க சார். கேமரா ஓடுது.

கணவன்: சரி, மாத்துச் சாவி. இவ முழுங்கறது அதைத்தானே?

டாக்டர்: தெரியாது.

கணவன்: என்னது?

டாக்டர்: பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு ஒண்ணுமே இல்லாத சும்மா மாத்திரை. பாக்கிறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சா நானே என்னை அறியாம இவங்களை வேற மாதிரி பாப்பேன் இல்லையா?

கணவன்: டாக்டருக்கே தெரியாத மாத்திரையச் சாப்பிடத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா?

மனைவி: எனக்குத் தெரியும். மத்தியானம் கண்ணு சொக்கலையே! ஒரு பகல் முழுசா முழிச்சிருந்தா எவ்வளவு நீளம்னு இப்பதாங்க தெரியுது. அப்புறம், அடிக்கடி பாத்ரூம் வேற வருது.

டாக்டர்: அது இந்த மருந்துக்கு… இல்ல, நான் எதுவும் சொல்லல.

மனைவி: சொல்லிட்டீங்க.

டாக்டர்: சொல்லல மேடம்! நீங்க தண்ணி நிறையக் குடிச்சிருக்கலாம். ஆராய்ச்சி முடிஞ்சதும் விருப்பப்பட்ட எல்லாருக்குமே மருந்து கிடைக்கும். அதுவரைக்கும் ஏன் இவ்வளவு அவசரம் உங்களுக்கு?

மனைவி: அவசரம்தான். ஸ்கூல்ல ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வேணுமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் போன் பண்ணி, திரும்ப வர்றியான்னு கேட்டாங்க.

கணவன்: எங்கிட்ட சொல்லவே இல்ல!

மனைவி: சொன்னா வேணாம்பீங்க.

கணவன்: வேணாம்தான். ஏழாம் வகுப்பு! அதுங்க நடுவுல ஒரு மனுஷி சிரிக்காம இருக்க முடியுமா?

மனைவி: அதுக்குத்தாங்க போகணும்கிறேன்.

டாக்டர்: இப்ப என்ன வேலை பாக்கிறீங்க மேடம்?

மனைவி: வீட்ல உக்காந்து வரி கட்டுறதுக்கான விளக்கப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துறேன். ஒரு வரி கூடச் சிரிப்பு வராது. அதுக்காகவே இவரு தேடிப் பிடிச்சுக் கொடுத்த வேலை.

கணவன்: அதுல ஒரு தடவை கூட விழலையே நீ.

மனைவி: தூங்கித் தூங்கி விழுந்தேன். அதை யாரு பாத்தா?

டாக்டர்: ஸ்கூல் வேலைய விட்டது, அங்க விழுந்ததாலதானா?

மனைவி: ஆமா. கரும்பலகையில ஒரு கணக்கு எழுதிட்டு, எக்ஸைக் கண்டுபிடிங்கன்னு சொன்னேன்…

கணவன்: ஐயோ, அதைச் சொல்லாத! சொன்னா சிரிப்ப!

மனைவி: சிரிக்கத்தானே வந்திருக்கோம்? ஒரு குட்டி வாண்டு எழுந்திருச்சு, ரொம்ப கவலையாக் கேக்குது: "டீச்சர், இந்த எக்ஸைத்தான் வருஷா வருஷம் கண்டுபிடிச்சுக் குடுக்கிறோமே, அது ஏன் மறுபடி மறுபடி தொலைஞ்சு போகுது?"

டாக்டர்: ஹஹஹா!

மனைவி: நான் மேஜைக்குப் பின்னாடி சரிஞ்சுட்டேன். பிள்ளைங்க பாதி அழுதுது, மீதி, எக்ஸுக்காகத்தான் டீச்சர் மயங்கிட்டாங்கன்னு அந்த வாண்டை அடிக்கப் போச்சு.

டாக்டர்: இப்ப முழங்கால் எப்படி இருக்கு? கழுத்து?

மனைவி: அப்படியேதான் இருக்கு. ஆனா டாக்டர், இது சொல்லிச் சொல்லித் தேஞ்சு போன கதை. புன்னகைதான் வருது. இது கணக்குல சேராது.

டாக்டர்: சார், உங்க முறை.

கணவன்: சரி… என் தொழிலப் பத்தி ஒண்ணு சொல்றேன். "லிஃப்ட் வேலை எப்படிப்பா போகுது"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "இந்தத் தொழில்ல ஏற்ற இறக்கம் சகஜம் சார்"னு சொன்னேன்.

மனைவி: …

டாக்டர்: …ம்ஹ்.

மனைவி: டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம். இப்ப நான் விழலையே, இது உங்க மருந்தோட வெற்றியா, அவரோட தோல்வியா?

டாக்டர்: எங்க கஷ்டமே அதுதான். சார், இன்னொண்ணு?

கணவன்: இரு… ஒருத்தன் டாக்டர்கிட்டப் போறான். போயி, "டாக்டர், எனக்கு ஞாபக மறதி"ங்கிறான். உடனே டாக்டர்… டாக்டர் என்ன சொன்னாரு…

மனைவி: மறந்துட்டீங்களா?

கணவன்: தொண்டையில நிக்குது!

மனைவி: கல்யாணமான புதுசுல இவரு பஸ்ல பேசினா பின் சீட்டுக்காரங்க எறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டுச் சிரிப்பாங்க டாக்டர். நம்புவீங்களா?

டாக்டர்: நம்பக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

கணவன்: என்னால எப்படி டாக்டர் முடியும்? ஜோக் சொல்ல வாயத் தொறக்கும்போதே இவ எந்தப் பக்கம் சரிவான்னுதான் கண்ணு பாக்குது. சிரிக்க வைக்கிறதா, பிடிக்கிறதா? ரெண்டுல ஒரு வேலைதான் செய்ய முடியும்.

டாக்டர்: பிடிக்கிறத என்கிட்ட விட்டுடுங்க. நீங்க… சார், அதுல சாயாதீங்க…

கணவன்: சாயல. இவ விழுந்தா பாய்ஞ்சு பிடிக்கத் தோதா ஒரு காலை மட்டும் இந்த ஸ்டூல் மேல…

டாக்டர்: சார், அதுக்குச் சக்கரம்…

கணவன்: ஆஆ!

டாக்டர்: சார்! அடிபட்டுதா?

கணவன்: …ரூம் பூரா பஞ்சு வச்சிருக்கீங்களே டாக்டர்…

டாக்டர்: ஆமா.

கணவன்: பஞ்சு இல்லாத ஒரே இடம் இதுதான் போல. கரெக்டா வந்து விழுந்திருக்கேன்.

மனைவி: ஹ… ஹஹ… ஸ்டூல்… அந்த ஸ்டூல் மட்டும் தனியா… கதவு வரைக்கும் போயி… ஹஹஹா… கதவைத் தட்டுதுங்க!

கணவன்: சிரிக்காத! டாக்டர், அவளைப் பிடிங்க! என்னை விடுங்க, அவளைப் பிடிங்க!

மனைவி: ஹஹஹா… ஐயோ, வயிறு… கண்ல தண்ணி வருது… படுத்துக்கிட்டே அதிகாரம் வேற… ஹஹஹா…

கணவன்: டாக்டர்! என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

டாக்டர்: சார்.

கணவன்: என்ன?

டாக்டர்: நிக்கிறாங்க.

மனைவி: ஏங்க… நிக்கிறேங்க. ஹஹ… சிரிச்சுக்கிட்டே நிக்கிறேன்!

கணவன்: சுவத்தைப் பிடிச்சிருக்கியா?

மனைவி: ரெண்டு கையையும் பாருங்க. இந்தா, தட்டறேன்.

கணவன்: தாடை?

மனைவி: தாடை தொங்கினா இவ்வளவு பேசுவேனா?

டாக்டர்: மேடம், ஒரு விஷயம் சொல்லணும். ஒருத்தர் ஒரு நாள் நின்னதை வச்சு மருந்து ஜெயிச்சிடுச்சுன்னு நான் சொல்லக் கூடாது. எல்லாரோட முடிவும் வரணும். இன்னிக்கு நின்னோமேன்னு மாடிப்படியில சிரிச்சுக்கிட்டே ஓடிடாதீங்க. ஸ்கூலுக்குப் போனாலும் கொஞ்ச நாள் நாற்காலியில உக்காந்தே பாடம் நடத்துங்க.

மனைவி: சரிங்க டாக்டர்.

டாக்டர்: நான் போய் ஐஸ் கொண்டு வர்றேன்.

மனைவி: எனக்கா?

டாக்டர்: சாரோட முழங்கைக்கு. அப்புறம்… எனக்கும் வெளியில ரெண்டு நிமிஷம் நிக்கணும் போல இருக்கு. இந்த மருந்துக்காகப் படிச்சதுதான் அதிகம். ஒருத்தர் இப்படிச் சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்கிறேன்.

கணவன்: டாக்டர், நான் விழுந்தது கேமராவுல…

டாக்டர்: முழுசா இருக்கு சார். பெரிய டாக்டருங்க எல்லாரும் பாப்பாங்க. இப்ப நிறுத்திட்டுத்தான் போறேன்.

கணவன்: போச்சு… சரி, கை குடு. எழுந்திருக்கிறேன்.

மனைவி: வேணாம். கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருங்க.

கணவன்: எதுக்கு?

மனைவி: நானும் பக்கத்துல உக்காந்துக்கிறேன். தள்ளிக்குங்க… ம். "ஒண்ணுமில்ல கண்ணு. நான் இங்கதான் இருக்கேன். அவசரமே இல்ல. மெதுவா வா."

கணவன்: என்னடி பேசுற?

மனைவி: "வேடிக்கை பாக்கிறவன் பாத்துட்டுப் போறான். நீ தரையில கிடந்தாலும் எனக்கு ராணிதான்." உங்களுக்குன்னா ராஜான்னு மாத்திக்கணும்.

கணவன்: இது… இதெல்லாம் நான் சொல்றதாச்சே.

மனைவி: ஆமா. நான் விழுந்து கிடக்கும்போது காதுகிட்டக் குனிஞ்சு சொல்றது. மருந்துக் கடை வாசல்ல, பஸ் ஸ்டாப்புல, உங்க அக்கா வீட்டு நடையில…

கணவன்: நீ விழுந்துட்டா எதுவுமே தெரியாதுன்னு சொல்லியிருக்கியே?

மனைவி: பொய் சொன்னேன். கை காலு அசையாது, கண்ணைத் திறக்க முடியாது, அவ்வளவுதான். காது நல்லாக் கேக்கும்.

கணவன்: எதுக்குடி மறைச்ச?

மனைவி: கேக்குதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவீங்களே! நான் நல்லா நடமாடும்போது என்கிட்ட என்ன பேசுவீங்க? "குடை எடுத்தியா? கேஸை மூடினியா?" விழுந்தாதான் கண்ணு, ராணி எல்லாம். இப்ப சிரிச்சுக்கிட்டே நின்னேன் பாருங்க, அந்தச் சந்தோஷத்துக்கு நடுவுல பக்குனு ஆயிடுச்சு. இனிமே விழலைன்னா அதெல்லாம் எனக்கு யாரு சொல்லுவா?

கணவன்: உனக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும்டி. நீ மொத மொத விழுந்தப்பவே உன்னைப் பாத்த டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அவங்களுக்கு எல்லாம் கேக்கும், பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க"ன்னு சொல்லிட்டாரு. கேக்கட்டும்னுதான் அத்தனையும் சொன்னேன். நீ நின்னு கண்ணைக் கொட்டாம என்னைப் பாக்கும்போதுதான் எனக்கு வாய் எழும்பாது… எங்க, கொஞ்சம் கண்ணை மூடிக்க. மூடிட்டியா? ஸ்கூலுக்குப் போயிட்டு வா கண்ணு. அந்த வாண்டுங்க கூட வயிறு வலிக்கச் சிரிச்சுட்டு வந்து எனக்கும் சொல்லு.