மஞ்சள் கோட்டுக்கு யார் பொறுப்பு?

இந்த மன்றத்தில் ஆடாத நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் வீற்றிருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களே! தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்களே! கண்ணாடி உங்கள் நெற்றியில் இருக்கிறது, ஐயா. நான்கு மாடி ஏறி இறங்கி நல்லது கெட்டது கண்ட பெரியோர்களே! ஒரு வேலை முடித்து, மறுவேலை தொடங்குவதற்குள் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில், கழுத்தில் கட்டிய துணியில் இடக்கையைத் தாங்கி அமர்ந்திருக்கும் என் அம்மாவே! உட்கார இடமிருந்தும் கதவோரம் நிற்கும் வாஷர் அக்காவே! அனைவருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியின் வணக்கம்.

இன்றைய நிகழ்ச்சி நிரலில் முதலாவது வரவேற்புரை. இரண்டாவது, மின்சார சைக்கிள் குறித்து மாணவியின் சிற்றுரை. மூன்றாவது, தரைத்தளத்துப் பழைய ஜெனரேட்டர் அறையில் இயங்கும் சைக்கிள் பட்டறையைக் காலி செய்யும் தீர்மானம். நான் இரண்டாவது. ஆனால் மூன்றாவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இதைத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் இரண்டாவதாக இருந்திருக்க மாட்டேன்.

என் அம்மா மேட்டுச் சாலை உச்சியில் இருக்கும் மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை பார்க்கிறார். போர்வைகள் ஒரு நாளும் குறைந்ததில்லை. மேடும் ஒரு நாளும் குறைந்ததில்லை. முழங்காலின் பலம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எனவே மின்சார சைக்கிள் வாங்க முடிவு செய்தோம்.

கடைக்குப் போனோம். பளபளக்கும் சைக்கிள்! பார்த்தால் பறக்கும் சைக்கிள்! விற்பனையாளர் சொன்னார்: "ஒரு சார்ஜுக்கு எண்பது கிலோமீட்டர் ஓடும்மா."

அம்மா கேட்டார்: "யாரு ஏறினா?"

"அறுபது கிலோ ஆளு. சமதரை. எதிர்க்காத்து இல்லாம."

"நான் எழுபத்தெட்டு. எங்க ரோடு மேடு. காத்து எப்பவுமே எதிர்லதான் வரும். இப்ப சொல்லுங்க."

விற்பனையாளர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நாங்கள் வந்துவிட்டோம்.

வந்து எங்கே போனோம்? பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஜெனரேட்டர் அறைக்குப் போனோம். எதைக் கொண்டு போனாலும் "வாஷர் எங்க?" என்று முதலில் கேட்பதால் வாஷர் அக்கா என்று நாமெல்லாம் அழைக்கிறோமே, பழைய சைக்கிளுக்கே மோட்டார் மாட்டித் தரும் அந்த அக்காவிடம் போனோம். அவர் சைக்கிளைச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் ஒரு காந்தத்தை வைத்தார். ஒட்டியது.

"இரும்பு. மோட்டாரைத் தாங்கும். ஒட்டலைன்னா வேற சைக்கிள் கொண்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

"எப்பக்கா மோட்டார் மாட்டுவீங்க?" என்று அம்மா கேட்டார்.

"மொதல்ல பிரேக்கை மாத்தணும். ஓடுறதை அப்புறம் பாப்போம்மா. மொதல்ல நிக்கட்டும்."

பெரியோர்களே, எத்தனை பேர் ஓட மட்டும் கற்றுத் தருகிறார்கள்? நிற்கச் சொல்லித் தருபவர் எத்தனை பேர்? பேட்டரியைப் படிக்கட்டின் கீழே சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடித்தால் நான்கு மாடிக்கும் இறங்கும் வழி அதுதான் என்று சொன்னது யார்? முனை பொருந்துகிறது என்பதற்காக அடுத்த வீட்டுச் சார்ஜரைச் செருகாதீர்கள் என்று சொன்னது யார்? மழையில் நனைந்து வந்தால் துடைத்து, காய வைத்து, பிறகு சார்ஜ் போடுங்கள் என்று வீடு வீடாக வந்து சொன்னது யார்? இரண்டாம் மாடி மாமா தலையாட்டுகிறார். உங்கள் வீட்டுக்கு அக்கா மூன்று முறை வந்தார், மாமா.

இனி மஞ்சள் கோட்டுக்கு வருகிறேன். தயவுசெய்து கவனியுங்கள்.

மோட்டார் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அது சக்கரத்தை முன்னே தள்ளும்போது, தன் அச்சையே பின்பக்கம் திருகப் பார்க்கும். அப்படித் திருகவிடாமல் பிடித்துக்கொள்வது சிறு நாக்கு வைத்த ஒரு வாஷர். அதைப் போட்டு, நட்டை முறுக்கி, நட்டிலிருந்து கவை வரை நகப்பூச்சால் அக்கா ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். நட்டு அசைந்தால் கோடு உடையும். காலையில் கோட்டைப் பார், நேராக இருந்தால் ஏறு. பதினேழு சைக்கிள்களுக்கும் அதே கோடு, அதே வாக்கு: "என் கோடு இருக்குற நட்டுக்கு நான் பொறுப்பு."

சென்ற மாதம் என் அம்மா மேட்டுச் சாலையில் ஏறும்போது முன்சக்கரம் கழன்றது. அம்மா விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. இதுவரை நீங்கள் அறிந்தது.

சங்கம் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தது. "பொம்பளைப் பிள்ளை மாட்டின மோட்டாரு, வேற எப்படி இருக்கும்?" என்று ஒருவர் கேட்டார். யாரென்று சொல்ல மாட்டேன். அவர் இப்போது சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "நட்டுல உன் கோடு இருந்துச்சா?" என்று தலைவர் கேட்டார். "இருந்துச்சு," என்றார் அக்கா. "அப்ப யார் பொறுப்பு?" "கோடு இருந்தா நான்தான் பொறுப்பு." அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. தீர்மானம் பிறந்தது.

இதுவரை அறியாததைச் சொல்கிறேன்.

அம்மா விழுந்ததற்கு முந்தைய மாலை, சைக்கிளின் முன்சக்கரம் பஞ்சர். பட்டறை பூட்டியிருந்தது. அம்மா அசதியில் உறங்கிவிட்டார். அக்கா வேலை செய்வதை நான் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். வேடிக்கை பார்த்ததையே கற்றுக்கொண்டது என்று நினைத்துவிட்டேன். நானே கழற்றினேன். நானே ஒட்டினேன். நானே மாட்டினேன். கழற்றியவை ஏழு, மாட்டியவை ஆறு. மிச்சமான ஒன்றை உபரி என்று முடிவு செய்து, காம்பஸ் பெட்டியில் போட்டேன். நட்டை என் முழு பலத்தோடு முறுக்கினேன். என் முழு பலம் எவ்வளவு என்பது மறுநாள் தெரிந்தது.

அம்மா, எழுந்திருக்க வேண்டாம். கையில் கட்டு இருக்கிறது. திட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். இன்னும் அரைப் பக்கம் பாக்கி.

முறுக்கியதோடு விட்டேனா? விடவில்லை. நட்டைத் திருப்பியதில் கோடு உடைந்திருந்தது. உடைந்த கோட்டைப் பார்த்தால் அம்மா கேட்பார். எனவே பழையதைச் சுரண்டிவிட்டு, என் ஓவியப் பெட்டியிலிருந்து மஞ்சள் நீர்வண்ணத்தை எடுத்து, நேராக, அழகாக ஒரு கோடு இழுத்தேன். ஓவியத்தில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண். காலையில் அம்மா குனிந்து பார்த்தார். கோடு நேராக இருந்தது. நம்பினார். ஏறினார்.

நட்டை மாட்டத் தெரியாமல் மாட்டியது அறியாமை. கோட்டை இழுத்தது அறியாமையா? இல்லை, தாய்மார்களே, இல்லை! அடுத்தவர் வாக்கை எடுத்து என் வேலையின் மேல் பூசினேன்.

அக்காவுக்குத் தெரியும். சைக்கிளைத் தூக்கி வந்த அன்று அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தக் கோட்டைத் தேய்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது. நகப்பூச்சு அப்படி ஒட்டாது. அவர் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "கை வலிக்குதாம்மா?" என்று என் அம்மாவிடம் கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை நான் ஜெனரேட்டர் அறை வழியாகப் போகவில்லை. நூலகம் வழியாகச் சுற்றிப் பள்ளிக்குப் போகிறேன். பதினொரு நிமிடம் கூடுதல்.

இதோ, மேசைமேல் வைக்கிறேன். நாக்கு வைத்த வாஷர், ஒன்று. மஞ்சள் வண்ணப் புட்டி, ஒன்று.

என்ன? ஆதாரம் போதாது என்கிறாரா செயலாளர்? யாரையாவது காப்பாற்றச் சின்னப்பிள்ளை கதை விடுகிறது என்கிறீர்களா? நல்ல கேள்வி, ஐயா. அம்மாவின் சைக்கிள் வாசலில் நிற்கிறது. இடப்பக்க நட்டில் கோட்டின் மிச்சம் இருக்கிறது. அதன் பக்கத்தில் மற்ற பதினாறும் நிற்கின்றன. எல்லோரும் வேலை முடிந்து அவற்றில்தானே வந்தீர்கள்? தலைவர் அவர்களே, அந்தப் பச்சை சைக்கிள் உங்களுடையதுதானே? இன்று காலையும் அதன் கோட்டைப் பார்த்துவிட்டுத்தானே ஏறினீர்கள்? பட்டறை வேண்டாம் என்று எழுதிய கையால்தானே அந்த ஹேண்டில்பாரைப் பிடித்து வந்தீர்கள்?

மன்னிப்புக் கேட்க மேடையேறவில்லை. தீர்மானத்தில் பொறுப்பு என்ற இடத்தில் அக்காவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடக் கேட்கிறேன். வாக்கெடுப்புக்கு முன் எல்லோரும் வாசலுக்குப் போங்கள். கட்டைவிரலை நனையுங்கள். அவரவர் கோட்டைத் தேயுங்கள். அழிகிற கோடு ஒன்றுதான் இருக்கும், அது என்னுடையது. அழியாத பதினாறும் அக்காவுடையவை. தேய்த்துவிட்டு வந்து, அந்த விரலோடு கையைத் தூக்குங்கள்.

ஐந்து நிமிடம் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்த தலைவருக்கும், கைதட்ட வேண்டிய இடங்களில் தட்டாமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. அம்மா, நான் மேடையின் பின்பக்கம் நிற்கிறேன், ஓட மாட்டேன். வாஷர் அக்கா, ஏழாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.